கயிற்றின் கீழ் முனையில் நின்றவன்

மார்ச் 4, செவ்வாய்

மழை. நான் வேலை பார்க்கும் கார் நிறுத்துமிடத்தில், வண்டியை மறிக்கும் வாசல் கம்பம் மறுபடி மக்கர் செய்தது. ஒரு தட்டு தட்டினேன், எழுந்துகொண்டது. இன்ஜினீயர் அரை நாள் பார்த்தும் முடியாததை ஒரே தட்டில் முடித்தேன். (இன்ஜினீயர் வரவில்லை. வருவதாகச் சொன்னார்கள். வந்திருந்தாலும் முடிந்திருக்காது.)

இந்த டைரி ஆபீசில் மிஞ்சிய போன வருஷத்து டைரி. கிழமைகளை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். எட்டாவது படித்தவன் டைரி எழுதுவதா என்று பாப்பா சிரித்தாள். ஏழாவதுதான். ஆனால் எட்டாவதுக்குப் புத்தகம் எல்லாம் வாங்கியாகிவிட்டது, அதனால் எட்டு என்றே வைத்திருக்கிறேன்.

பாப்பா என் அக்கா மகள். நாற்பது தாண்டியாகிவிட்டது, ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். புருஷன் தவறிப் போன பிறகு நான்தான் இந்த நாட்டுக்கு வரவழைத்தேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு, ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. வந்த புதிதில் வீடு, பஸ், சலவைக்கூடம், பஸ், வீடு. அவ்வளவுதான் அவள் உலகம். தினமும் அந்த பஸ்ஸை ஓட்டுகிற பெண்மணி ஒரு நாள் கேட்டாளாம்: "ஞாயித்துக்கிழமை என்னம்மா பண்றே? சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு எங்ககூட வந்து சுவர் ஏறு." அந்தப் பஸ்ஸக்கா பேச்சைக் கேட்டு சுவர் ஏறப் போனவள், இப்போது மலை ஏறப் போகிறேன் என்கிறாள். பனி மலை. ஜூலையில். நாலு பொம்பளைங்க, ஒரே கயிற்றில்.

நான் சிரித்தேன். அப்புறம் கார் நிறுத்துமிடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கிச் சொன்னேன். யார் அளக்கப் போகிறார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

பாப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் அவர்கள் சுவர் ஏறும் ஹாலைப் பார்த்தேன். பழைய கிடங்கு. சுவர் முழுக்கக் கலர் கலராக உருண்டைகள் பதித்திருக்கிறார்கள், அதைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டும். எல்லாம் நம்ம மாதிரி எங்கிருந்தோ வந்து எங்கேயோ வேலை செய்கிற பெண்கள்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் ஒரு சின்னப் பெண், பாப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவள். பல் டாக்டரிடம் வேலை, பல் சுத்தம் பண்ணிவிடுவது. இங்கேயே பிறந்தவள், ஆனால் நம்ம பாஷை பேசுகிறாள். நான் பல்லம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். என்னை அங்கிள் என்கிறாள். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறாள்.

கயிறு விஷயம் எனக்கு விளக்கினாள். ஏறுகிறவள் இடுப்பில் ஒரு முனை. அது மேலே வளையத்தில் நுழைந்து கீழே வந்து, தரையில் நிற்பவர் இடுப்பில் உள்ள பிடிக்குள் போகும். கீழே நிற்பவர் கையில்தான் மேலே இருப்பவள் உயிர். மேலே இருப்பவள் "பிடிங்க" என்று கூப்பிட வேண்டும். கீழே இருப்பவர் "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் காதில் விழுந்த பிறகுதான் அடுத்த நகர்வு. "சுவர்ல கூப்பிடாம நகர்றவங்களை நான் மலைக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன் அங்கிள். ஏன்னா அங்க ஒருத்தர் விழுந்தா நாலு பேரும்."

"இதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமாம்மா? நான் கப்பல்ல கயிறு பிடிச்சவன்" என்றேன்.

துறைமுகத்தில் ஆறு மாதம் இருந்தது உண்மை. பாத்திரம் கழுவினேன். ஜன்னல் வழியாகக் கயிறு நன்றாகத் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

கால் வலி. ஏறினது அவள், வலி எனக்கு.

மார்ச் 16, ஞாயிறு

நேரமாகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று பஸ்ஸக்காவுக்கு இடுப்புப் பிடிப்பு, வரவில்லை. பாப்பாவுக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. நான் முன்வந்தேன். பல்லம்மா யோசித்தாள். கப்பல் அனுபவத்தை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்து, பிடிக்கவைத்துப் பார்த்தாள். "இந்த வலது கையைக் கயித்திலேர்ந்து எடுக்கவே கூடாது அங்கிள். மூக்கு அரிச்சாலும்." அப்புறம் பக்கத்துச் சுவரில் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

பாப்பா குரங்குக்குட்டி மாதிரி ஏறினாள். முக்கால் உயரம். கூப்பிடாமல் கொள்ளாமல் திடீரென்று கையை விட்டாள். நான் ஒரே பாய்ச்சலில் கயிற்றைப் பிடித்தேன். என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நான் மட்டும் பிடிக்காவிட்டால் — நினைக்கவே முடியவில்லை. பாப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பில் கீறல், இடுப்பில் அடி. அவ்வளவோடு போயிற்று.

என் கைக்கும் கட்டு.

மார்ச் 17, திங்கள்

அக்காவிடம் போனில் சொன்னேன். முதலில் ஒப்பாரி. அப்புறம் நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீ இருந்ததால என் பொண்ணு பிழைச்சா" என்றாள்.

என் அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம். "டேய் புளுகா" என்பதுதான் பழக்கம்.

மார்ச் 19, புதன்

ஞாயிற்றுக்கிழமை எழுதினதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று.

ஹாலில் காபி மெஷின் பழுதுபார்க்க ஒருவர் வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் மரியாதையில்லையே என்று பேச்சுக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

அவ்வளவுதான் இல்லை.

கப்பல் கதை சொன்னேன். நடுக்கடலில் நான் ஒற்றை ஆளாகக் கயிறு கட்டி இழுத்த மீன் கதை. அந்த மனுஷன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு பெருசு சார் இருக்கும்?" என்று கேட்டார். இதை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்தான் எனக்குத் திருப்தி.

அதற்கு முந்தின நொடி மேலேயிருந்து பாப்பா "மாமா, பிடிங்க" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டாள். என் காதில் விழுந்தது.

"ஆங், பிடிச்சிருக்கேன்" என்றேன். அக்கா போனில் பேசும்போது டிவி பார்த்துக்கொண்டே ஆங் ஆங் என்பேனே, அந்த ஆங். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் விரித்தேன். என் பதிலை நம்பி அவள் சுவரிலிருந்து கையை விட்டாள், கயிறு மேல்நோக்கி ஓடியது. பிடித்தேன், பிடித்தது உண்மை, தோல் உரிந்தது உண்மை. பிடிக்கும்போது அவள் முக்கால்வாசி கீழே வந்துவிட்டாள்.

எல்லாரும் ஓடிவந்து "என்னாச்சு?" என்றார்கள். "கூப்பிடாம கையை விட்டுட்டா" என்றது என் வாய். யோசித்துச் சொன்ன பொய்யா? இல்லவே இல்லை. என் வாய் எந்தக் காலத்தில் என்னைக் கேட்டுவிட்டு வேலை செய்திருக்கிறது?

ஆனால் ஆஸ்பத்திரியில் யோசிக்க நேரம் இருந்தது. பாப்பா கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, "கூப்பிட்ட மாதிரியே இருக்கே மாமா. நீங்க பதில் சொன்ன மாதிரியும் இருக்கே" என்றாள்.

"பயத்துல அப்படித்தான் தோணும் பாப்பா" என்றேன்.

இதை எப்படிச் சொன்னேன் நான்?

மார்ச் 23, ஞாயிறு

ஹாலில் எனக்குக் கேக் வெட்டினார்கள். மேலே கிரீமில் ஒரு கயிறு படம். பஸ்ஸக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, "அண்ணே, நான் இருந்திருந்தாக்கூட இப்படிப் பிடிச்சிருப்பேனோ என்னமோ" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் இரண்டு வார்த்தை பேசினேன். இரண்டு என்று ஆரம்பித்தது, கேக் ஈ மொய்க்கிற வரை பேசினேன்.

நல்ல கேக். இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன். தொண்டையில் நின்றுவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

பாப்பா ஹாலுக்குப் போகவில்லை. "மணிக்கட்டு சரியாகட்டும், அப்புறம் போ" என்றேன்.

"மணிக்கட்டு சரியாயிடும் மாமா. நான் மலைக்குப் போகலைன்னு சொல்லிட்டேன்."

"ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. கூப்பிட்டேன்னு என் மனசு சத்தியம் பண்ணுது. ஆனா கூப்பிடலை. அப்படிப்பட்ட ஒருத்திகூட யாரு கயிறு கட்டிக்குவா? பஸ்ஸக்காவுக்கு ரெண்டு குழந்தைங்க."

நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லாமல் இரண்டு தடவை போட்டேன். அவள் அதைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாக்கையும் நம்பவில்லை போல.

ஏப்ரல் 2, புதன்

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தாள். படியிறங்கிப் போய், மறுபடி ஏறி வந்து பார்த்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைவாய்ப் பல் இரண்டு நாளாகக் குத்துகிறது. தெய்வ தண்டனை என்று எழுதலாம், வெற்றிலைப் பாக்குத்தான் காரணம். பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் காகிதம் கட்டி, முகமூடியோடு வந்து நிற்பது யார் என்றால் பல்லம்மா.

"வாயைத் திறங்க அங்கிள். இன்னும். உங்களுக்கு அது கஷ்டமில்லையே."

திறந்தேன். ஒரு குழாயை உதட்டில் மாட்டினாள். ஒரு கம்பியை உள்ளே விட்டாள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்து ஒன்றும் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "நான் ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தை நடத்துறதை விட்டுடலாம்னு இருக்கேன்."

"ஆ?"

"அசையாதீங்க. எங்க கூட்டத்திலேயே பாப்பா அக்காதான் கவனமானவங்க. ரெண்டு வருஷம் கத்துக்கிட்டாங்க. அவங்களே கூப்பிடாம நகர்ந்தாங்கன்னா தப்பு அவங்க மேல இல்லை, சொல்லிக்கொடுத்தவ மேல. பயிற்சியில்லாத உங்க கையில அவங்களை விட்டதும் நான்தான். ஏதோ, நீங்க பிடிச்சீங்க."

"ஆ… ஆ…" என்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாய் துடித்தது. சத்தியமாக. குழாய் மாட்டியிருந்தது.

குழாயை எடுத்தாள். "என்ன சொல்ல வந்தீங்க அங்கிள்?"

"வலிக்குதும்மா" என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா போன். எதிர்வீடு, சம்பந்தி வீடு, பேங்க் மேனேஜர் வரை சொல்லிவிட்டாளாம் — என் தம்பி ஒற்றைக் கையால் பிடித்தான் என்று. ஒற்றைக் கை என்று நான் சொல்லவேயில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கிறது.

"உன்னைப் பத்தி நான்தான் தப்பா நெனச்சுட்டேன்டா தம்பி." இதைச் சொல்லும்போது அழுதாள்.

இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஏப்ரல் 25, வெள்ளி

கம்பத்தருகே ஒரு வேன் வந்து நின்றது. காபி மெஷின்காரர்! வந்துவிட்டான், எல்லாவற்றையும் உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். காசு வாங்கும் கூண்டுக்குள் குனிந்து ரசீதுக் கட்டைத் தேடுவது போல் பாவனை செய்தேன். கண்ணாடியைத் தட்டினார்.

"சார், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க."

"ராத்திரியெல்லாம் தூக்கமில்லை சார். நீங்க பாட்டுக்குக் கயித்தைப் பிடிச்சிட்டு நின்னீங்க. மீன் எவ்வளவு பெருசுன்னு நான்தான் கேட்டேன். வேலை பார்க்கிற மனுஷன்கிட்ட வாயைக் கொடுக்கக்கூடாதுன்னு என் முதலாளி அடிக்கடி சொல்வாரு. அவங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?"

வேனுக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் கம்பத்தைத் தூக்கினேன். "அதெல்லாம் வேண்டாம், போங்க போங்க" என்றேன். போகும்போதும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆக, பாப்பா தன் மேல் பழி என்கிறாள். பல்லம்மா தன் மேல் என்கிறாள். யாரோ ஒரு மெஷின்காரர், பெயர்கூடத் தெரியாது, அவரும் தன் மேல் என்கிறார். பங்கு போட ஆளுக்கு ஆள் வருகிறார்கள். முழுசும் யாருடையதோ அவன் மட்டும் கேக் சாப்பிட்டுவிட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

மே 4, ஞாயிறு

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை மெலிந்துபோய் வேறு யாருடைய கை மாதிரியோ இருக்கிறது. பாப்பா தன் அறையில் என்ன செய்கிறாள் என்று மறைந்து நின்று பார்த்தேன். கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிறாள், "பிடிங்க" என்று மெதுவாகச் சொல்கிறாள், காத்திருக்கிறாள், விடுகிறாள். மறுபடி பிடிக்கிறாள். வாயிலிருந்து சத்தம் வருகிறதா என்று தானே காது கொடுத்துக் கேட்கிறாள்.

போதும்டா புளுகா. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?

மே 10, சனி

"நாளைக்கு ஒரே ஒரு தடவை ஹாலுக்கு வா" என்றேன். "என்னைத் திரும்பச் சேர்த்துவிடப் பார்க்கிறீங்களா?" என்றாள். "வா, அவ்வளவுதான்" என்றேன்.

என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். அருமையாக வந்தது. நானே அழுதுவிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எத்தனை வரி வருகிறதோ வரட்டும்.

எல்லாரும் இருந்தார்கள். சுவரடியில் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "அன்னிக்கு நடந்ததுல ஒரு உண்மையைச் சொல்லணும். பாப்பா மேல ஏறிக்கிட்டிருந்தா. எனக்குத் திடீர்னு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. காலையில வெறும் வயிறு. மூணு நாளா ஜுரம் வேற—"

பஸ்ஸக்கா "அடப்பாவமே" என்றாள். ஒருத்தி தண்ணீர் எடுத்து நீட்டினாள். பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் எனக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

பாப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு இருட்டிச்சா மாமா?"

தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"இல்லை."

"ஜுரம்?"

"இல்லை. கதை சொல்லிக்கிட்டிருந்தேன். மீன் கதை. கையை விரிச்சுக் காட்டினேன். ரெண்டு கையையும்."

"நான் கூப்பிட்டேனா?"

"கூப்பிட்டே."

"நீங்க பதில் சொன்னீங்களா?"

"சொன்னேன். பிடிச்சிருக்கேன்னு சொன்னேன். பிடிக்கல."

அவள் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. சுவரில் ஒரு உருண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மெலிந்த கையால்.

பல்லம்மா முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். "இனிமே நீங்க இந்த ஹாலுக்குள்ள வரக்கூடாது அங்கிள்."

"கப்பல் இல்லம்மா, துறைமுகத்துல பாத்திரம்தான் கழுவினேன்" என்றேன். அதை எதற்குச் சொன்னேன்? யாரும் கேட்கவில்லை.

பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மே 12, திங்கள்

பேசவில்லை.

மே 14, புதன்

பேசவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள். மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அடுப்பைத் திரும்ப வந்து பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு

அக்காவுக்கு நானே போன் போட்டேன். சொன்னேன். இந்தத் தடவை ஜுரமெல்லாம் சேர்க்கவில்லை.

போன் அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். பிறகு, "ஏண்டா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா" என்றாள். பிறகு, "அவ கை எப்படி இருக்கு?" என்றாள். "பரவாயில்லை" என்றேன். "உன் பேச்சை நான் எப்படி நம்புறது? அவகிட்ட போனைக் கொடு" என்றாள்.

பாப்பா ஹாலுக்குப் போயிருந்தாள்.

மே 19, திங்கள்

ஹாலுக்குப் போயிருந்தாள்! நேற்று எழுதும்போது கவனிக்கவில்லை பாருங்கள்.

ஜூன் 6, வெள்ளி

காபி மெஷின்காரரைத் தேடிப் போய்ச் சொன்னேன் — உங்கள் மேல் ஒன்றுமில்லை, பழி பூராவும் என்னுடையது என்று. "அப்பாடா" என்றார். அப்புறம், "அந்த மீன்?" என்றார். மீனும் இல்லை என்றேன். அதைக் கேட்டுத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்று பேசினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலேயே சொன்னாள்.

"விழுந்தது போகட்டும் மாமா. யாரும் விழலாம். நான் ரெண்டு மாசம் என்னையே நம்பாம இருந்தேன். கேஸை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனா, வேலையில துணியை எண்ணினா சரியா எண்ணினேனா… எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் கடைசியில ஆஸ்பத்திரியில சொன்னேன்னு நெனச்சிட்டிருக்கிற வார்த்தைகூட நிஜமாவே சொன்னேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. பக்கத்து ரூம்ல நீங்க உள்ளங்கைக்குத் தைலம் தேய்ச்சிட்டிருந்தீங்க."

"மன்னிச்சிடு பாப்பா" என்றேன்.

"பார்க்கலாம்" என்றாள். ஒரு டம்ளரில் சோப்பு போகவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஜூன் 30, திங்கள்

பல்லம்மா கூட்டத்தை விடவில்லை. பஸ்ஸக்கா பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். மலைக்கு நாலு பேரும் உறுதி. "உங்க மேல எனக்கு இன்னும் கோபம்தான் அண்ணே. டிக்கெட் எடுங்க" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

பாப்பா கிளம்பினாள். முதுகில் மூட்டை அவளைவிடப் பெரிது. (நிஜமாகவே பெரிது.) வாசலில் நின்று "வரேன் மாமா" என்றாள். ஏதாவது அறிவுரை சொல்ல வாய் எடுத்தேன். மலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "சரிம்மா" என்றேன்.

ஜூலை 19, சனி

மலை தெரிகிறதா என்று கார் நிறுத்துமிடத்து மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மேகம்.

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டாள். மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து. "தூங்கணும் மாமா" என்றாள். தூங்குகிறாள். கதவைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்குகிறாள்.

ஜூலை 24, வியாழன்

பஸ்ஸக்காவிடம்தான் முழுசும் கேட்டேன். வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சுது அண்ணே. கையை நீட்டினா தொடலாம் போல. முன்னாடி பல்லம்மா, ரெண்டாவது பாப்பா. பாப்பா 'நில்லுங்க'ன்னா. நின்னோம். காலடியில பனி உள்ளே ஓட்டையா இருக்கிற மாதிரி சத்தம் கேட்குதுன்னா. எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் கேட்கல. பல்லம்மா அவளைத் திரும்பிப் பார்த்தா, அவ்வளவுதான், 'சரிக்கா, இறங்கலாம்'னுட்டா."

"நிஜமாவே ஓட்டையா இருந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? நாங்க மிதிச்சுப் பார்க்கலையே." சிக்னல் விழுந்தது. "ஏன்னுகூட யாரும் கேட்கல அண்ணே."

ஜூலை 25, வெள்ளி

கூண்டுக்கு மேனேஜர் வந்தார். "என்னய்யா, உங்க அக்கா பொண்ணு உச்சியில கொடி நட்டாச்சா?" கொடி கதை நான் மார்ச்சில் சொன்னது.

"இல்லை சார். உச்சிக்குப் போகலை. திரும்பலாம்னு அவதான் சொன்னா."

"அடடா" என்றார்.

அடடா இல்லை சார், என்று விளக்க வாய் வந்தது. கம்பத்தைத் தூக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பா வீடு மாறினாள். ஹாலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை. "கோபத்துல போகலை மாமா. எனக்குன்னு ஒரு சாவி வேணும்" என்றாள். கோபத்தில்தான் போகிறாள் என்று நினைத்தேன், அப்புறம் இல்லை என்றும் நினைத்தேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

மூட்டைகளைப் பல்லம்மாவும் பஸ்ஸக்காவும் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். பல்லம்மா என்னிடம் பேசவில்லை, ஆனால் போகும்போது தலையை ஆட்டினாள். பாப்பாவின் மர அலமாரி மட்டும் பாக்கி. எங்கள் மாடிப்படி குறுகல், நெட்டுக்குத்து. ஒருவர் மேலே, ஒருவர் கீழே பிடித்துத்தான் இறக்க வேண்டும். மேலே இருப்பவர் நழுவவிட்டால் கீழே இருப்பவர் சுவரோடு சட்னி.

நான் கீழ்ப்பக்கம் போனேன்.

"நீங்க மேலே பிடிங்க மாமா" என்றாள். "நான் கீழே."

"பாப்பா, கனம்மா. நான்—"

"மேலே பிடிங்க."

பிடித்தேன். அவள் இரண்டு படி கீழே இறங்கி, அலமாரியின் அடியில் தோளைக் கொடுத்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. உச்சந்தலையும் அந்தக் கை விரல்களும் மட்டும் தெரிந்தன.

"மாமா, பிடிச்சிருக்கீங்களா?"

பார்த்தேன். இரண்டு கையும் இருந்தன. "பிடிச்சிருக்கேன்."

"ஒரு படி."

"ஒரு படி."

பாதி வழியில் சைக்கிள் கடைக்காரர் கை துடைக்கிற துணியோடு வந்து கீழ்வாசலில் நின்றார். நல்ல மனுஷன், கதை கேட்கிற ஆள். "என்னண்ணே, மலைக்குப் போன கதை ஒண்ணும் சொல்லவேயில்லையே! எவ்வளவு உயரம்ணே அது?"

"இன்னொரு படி" என்றாள் பாப்பா.

"இன்னொரு படி" என்றேன்.

அலமாரி தரையைத் தொட்ட பிறகு நிமிர்ந்து பார்த்தேன். கடைக்காரர் உள்ளே போயிருந்தார்.